கரைமேல் ஏறிய ஊர்

அரசர்களுக்குக் கோபம் மூக்கு நுனியிலும் புத்தி முதுகுக்குப் பின்னாலும் இருந்த காலத்தில் நடந்த கதை இது. கேட்கிறவர்கள் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். நிதானமாகச் சொல்லக்கூடிய கதை இல்லை.

வீரகண்டன் என்று ஓர் அரசன். பெயரில்தான் வீரம். பகைவன் படை எல்லையைத் தாண்டியதும் ஓடிப்போய்க் கோட்டைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான். பகைவன் வரும் வழியில் நாரைப்பாடி இருந்தது. வீரகண்டனுடைய சொந்த ஊர்களில் ஒன்றுதான். வயலும் வாய்க்காலுமாகத் தட்டைத் தரையில் கிடந்த ஊர். அதன் தலைமாட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் ஓர் ஏரி.

"எனக்கு இல்லாத ஊர் அவனுக்கும் வேண்டாம். பொழுது சாய்வதற்குள் ஏரிக்கரையை உடை. முரசு அறையாதே, பகைவன் காதில் விழுந்துவிடும்" என்று ஏரிக்கரையில் பாளையம் இறங்கியிருந்த தளபதி செங்கோடனுக்கு அரசன் ஆணை அனுப்பினான். ஆணையைக் கொண்டுவந்த குதிரைக்காரன் இன்னொன்றும் சொன்னான்: "உங்கள் மனைவியும் மகளும் கோட்டையில் பத்திரமாக இருக்கிறார்களாம்."

என்ன பத்திரம் என்று உங்களுக்குத் தெரியும். செங்கோடனுக்கும் தெரிந்தது.

செங்கோடன் மலைநாட்டுக்காரன். ஆணை என்றால் ஆணை என்று வளர்ந்தவன். யானைகளைக் கரையடிக்குக் கொண்டுவரச் சொன்னான். சொன்னானே தவிர, இருப்புக்கொள்ளவில்லை. கூடாரத்துக்குள் போனான், வெளியே வந்தான். தண்ணீர் கேட்டான், குடிக்காமல் வைத்தான். வானத்தைப் பார்த்தான், ஏரியைப் பார்த்தான். ஊர்ப் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அப்போது அவனைத் தேடி வந்தார் சாத்தப்பச் செட்டியார். கடலோரத்திலிருந்து உப்பு வண்டி ஓட்டிவரும் வணிகர். போருக்கு நடுவில் நாரைப்பாடியில் மாட்டிக்கொண்டவர். "எனக்கு எந்த ராசாவும் ஒண்ணுதான், எல்லாரும் உப்புத் தின்கிறவங்கதானே" என்பார். கரையடியில் யானைகளைக் கண்டதுமே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

முதல் தடவை இரக்கத்தைச் சொல்லிப் பார்த்தார்.

"தளபதியாரே, ஊருக்குள்ள பிள்ளைத்தாச்சிங்க இருக்காங்க. தொட்டில்ல கிடக்கிற பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா?"

"எனக்கும் பிள்ளை இருக்கு, செட்டியாரே. அவ கோட்டையில இருக்கா."

செட்டியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். திரும்பிப் போய்விட்டார்.

இரண்டாம் தடவை நன்றியைப் பற்றிப் பேச்சு வந்தது. "ராசா வீட்டு உப்பைத் தின்னவன் நான்" என்றான் செங்கோடன்.

"உப்பை வெறும் வாயிலயா தின்னீங்க? சோத்துல போட்டுத்தானே தின்னீங்க? அந்தச் சோறு இந்த ஏரித் தண்ணியில விளைஞ்சது. அதை உழுது விளைவிச்சவங்களைத்தான் மூழ்கடிக்கப் போறீங்க."

செங்கோடனுக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்தால் வலிக்கும், வலித்தால் கோபம் வரும். "வெளியே போம்!" என்று கத்தினான். கத்திவிட்டு முன்னைவிட வேகமாக நடக்க ஆரம்பித்தான்.

மூன்றாம் தடவை வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. செட்டியார் இந்த முறை கெஞ்சவில்லை.

"உடைக்கிறதுன்னா உடைங்க. முரசு அறைஞ்சுட்டு உடைங்க. ஒதுங்குங்கன்னு சொல்லிட்டுச் செய்தா அது போர். சொல்லாமச் செய்தா களவு. உங்க பரம்பரையில களவு உண்டா?"

அந்தக் கால வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஓர் ஊரை அழிக்குமுன் முரசறைந்து ஆடு மாடு, பெண்டு பிள்ளை, நோயாளி எல்லாரையும் ஒதுங்கச் சொல்வார்கள். முரசு கேட்டு ஒதுங்கி நின்றவர்மேல் எவனும் கை வைக்கக் கூடாது. வைத்தவனைப் பெற்ற தாயே வீட்டுக்குள் சேர்க்கமாட்டாள்.

செங்கோடன் நின்றான். முரசறைந்தால் சனம் தப்பும், கரையும் உடையும், வீட்டிலுள்ளவர்களும் பிழைப்பார்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அரசன் சொல்லில் ஒன்றே ஒன்றைத்தானே மீறுகிறோம் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டான்.

முரசு முழங்கியது. "எல்லோரும் மேட்டுக்குப் போங்கள்! எல்லோரும் மேட்டுக்குப் போங்கள்!"

மலைநாட்டுக்காரன் தப்புச் செய்தது இங்கேதான். எந்த ஊரானாலும் ஏறி நிற்க ஒரு குன்று இருக்கும் என்பது அவன் நினைப்பு. நாரைப்பாடியில் குன்று ஏது? ஏரிக்கரை ஒன்றுதான் மேடு. செட்டியார் இது தெரிந்துதான் முரசறையச் சொன்னாரா என்றால், அது அவருக்கே வெளிச்சம்.

ஊர் மொத்தமும் கரைமேல் ஏறியது. மாடுகள் ஏறின, கன்றுகள் ஏறின. நடக்க முடியாத கிழவரைக் கட்டிலோடு தூக்கிவந்து யானைகளுக்கு நேர் எதிரே இறக்கினார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி நேராகச் செங்கோடனிடம் வந்தாள்.

"ஐயா, முரசு சொன்னபடி வந்துட்டோம். தண்ணி எந்தப் பக்கமிருந்து வரும்? இவனை எந்தப் பக்கமாத் தூக்கிப் பிடிக்கணும்?"



"பொழுது சாயுது!" என்று கத்தினான் குதிரைக்காரன். "உங்க வீட்டை நினைச்சுப் பாருங்க!"

நினைத்தான். அந்தப் பெண் இன்னும் பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யானைகளைத் திருப்புங்கள்" என்றான்.

குதிரைக்காரன் கோட்டைக்குப் பறந்தான். "என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள், அவர்களை விட்டுவிடுங்கள்" என்று கேட்பதற்காகச் செங்கோடனும் பின்னால் பறந்தான். இரவெல்லாம் குதிரையை விரட்டியும் முன்னே போனவனைப் பிடிக்க முடியவில்லை. வழியெல்லாம் யானைகளைத் திருப்பச் சொன்ன தன் ஆணையை எண்ணி அழுதான். மாற்றிச் சொல்லியிருப்பேனா என்று தன்னையே கேட்டான், சொல்லியிருக்கமாட்டேன் என்று தெரிந்து இன்னும் அழுதான்.

விடியும்போது கோட்டை வாசலை அடைந்தான். கதவு திறந்து கிடந்தது. காவலன் மாடன் வாளை உறையில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் செங்கோடனின் மனைவி. அவள் மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ராசா வெட்டச் சொன்னாருங்க" என்றான் மாடன். "வாளையும் உருவிட்டேன். ஆனா கரைமேல நடந்ததைக் குதிரைக்காரன் சொன்னப்ப நானும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னேன்? பெண்டாட்டி பிள்ளை பணயமா இருக்கிற மனுஷரே முடியாதுன்னுட்டாரு. எனக்கு எப்படிங்க கை எழும்பும்? ராசா அடுத்தவனைக் கூப்பிட்டாரு. அவனுக்கும் எழும்பலை. மூணாவது ஆளைக் கூப்பிட்டாரு. அவன் வாளைக் கீழேயே போட்டுட்டான். அப்புறம் கூப்பிட ஆளில்லாம ராசா பின்வாசல் வழியாப் போயிட்டாரு."

ஆகவே கேளுங்கள்: தீய ஆணைக்கு ஒருவன் துணிந்து முடியாது என்று சொன்னால், அடுத்தவனுக்கும் அதைச் சொல்லும் துணிவு பிறக்கும்.