பாஸ்தாவுக்குத் தடை போட்ட கருமந்தி

காரைமலைக் காட்டில், ஒரு குளத்தங்கரையில், கருமந்திக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. கூட்டத்துக்குத் தலைவன் வல்லபன். அவன் மனைவி தாழை. வல்லபன் கூட்டத்தைக் கட்டி மேய்த்தான். வல்லபனைக் கட்டி மேய்க்கவே தாழைக்குப் பொழுது சரியாக இருந்தது.

காட்டின் நடுவே மலைச்சாலை ஓடியது. கோடை முற்றினால் இந்தப் பக்கம் பழமெல்லாம் தீர்ந்துபோகும். சாலைக்கு அந்தப் பக்கம் அத்தி பழுக்கத் தொடங்கும். ஆனால் கருமந்திகள் சாலையில் இறங்க மாட்டார்கள். நாவல் மரத்து உச்சியிலிருந்து எதிரே இருக்கும் ஆலமரத்துக்கு ஒரே தாவு! போன வருஷம் தாழையின் அண்ணன், "நான் நடந்தே வர்றேன், என்ன ஆயிடும்?" என்று இறங்கினான். லாரி ஒன்று அவனை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிற்று. அன்றிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டாலே தாழை மர உச்சிக்கு ஏறிவிடுவாள்.

யார் தாவலாம், யார் தாவக் கூடாது என்று பார்க்க அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. குளத்தின் மேல் நீண்டிருக்கும் புங்கங்கிளையில் தொங்க வேண்டும். நுனி தண்ணீரைத் தொடாவிட்டால் தாவலாம். தொட்டால் எடை கூடுதல், தாவக் கூடாது.

இந்த வருஷம் வல்லபன் தொங்கினான். நுனி தண்ணீரைத் தொடவில்லை. முழுகியே போனது! தவளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

"பௌர்ணமிக்குக் கூட்டம் கிளம்பணும். அதுக்குள்ள உடம்பைக் குறைச்சாகணுங்க," என்றாள் தாழை.

அப்போது மைனா ஒன்று பறந்து வந்தது. மலையடிவார விடுதியின் ஜன்னலில் உட்கார்ந்து, அங்கே தங்குகிறவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்பதுதான் அதற்கு வேலை.

"தலைவரே! எல்லாத்துக்கும் காரணம் அந்தப் பாஸ்தா! இளைக்கணும்னா அதைக் கண்ணாலகூடப் பார்க்கக் கூடாதாம்!"

கொஞ்ச நாளைக்கு முன் கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி கவிழ்ந்தது. அதிலிருந்து மூட்டை மூட்டையாகப் பாஸ்தா காட்டுக்குள் உருண்டு வந்திருந்தது. தாழை அதை ஓட்டைக் குண்டான் ஒன்றில் போட்டு, வெந்நீர் ஊற்றில் முக்கி எடுப்பாள். கீரையும் காளானும் கலந்து ஆளுக்கு ஒரு பிடி கொடுப்பாள். கூட்டமே ருசித்துச் சாப்பிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வல்லபன் மார்பில் தட்டிக்கொண்டான். "இன்னையிலேர்ந்து யாரும் பாஸ்தா தின்னக் கூடாது! மூட்டை மேல கல்லைத் தூக்கி வைங்க!"

"உங்க தொப்பைக்கு ஊரெல்லாம் பத்தியமா?" என்று கேட்டாள் தாழை. அவன் காதில் வாங்கவே இல்லை.

பத்தியம் ஆரம்பித்தது. காலையில் ஒரு பலாப்பழம், முழுசாக. மதியம் ஒரு வாழைத்தார். சாயங்காலம் தேனடை.

"என்னங்க இது?"

"இயற்கை! எல்லாம் நம்ம காட்டுல விளைஞ்சது. உடம்புல ஒட்டாது!"

"தின்னுட்டு மரத்துக்கு மரம் நாலு தாவாவது தாவக் கூடாதா?"

"பத்தியத்துல இருக்கேன் தாழை. சோர்வா இருக்கு!" என்று சொல்லிவிட்டுக் கிளைக் கவையில் சாய்ந்து படுத்தான். நிமிஷத்தில் குறட்டை வந்துவிட்டது. தாழைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பௌர்ணமி நெருங்கியது. வல்லபன் மறுபடியும் புங்கங்கிளையில் தொங்கினான். இந்த முறை கிளையோடு அவன் வாலும் தண்ணீரில் நனைந்தது.

"கிளை இளைச்சுப்போச்சு!" என்றான் வல்லபன்.

"என்னது?"

"போன தடவை உரமா இருந்துச்சு. வெயிலுக்குக் கிளை இளைச்சுப்போச்சுன்னு சொல்றேன்!"

தாழை விறுவிறுவென்று புங்க மரத்தில் ஏறினாள். கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அதே கிளையில் தொங்கினாள். நுனி தண்ணீருக்கு ஒரு சாண் மேலேயே நின்றது. வல்லபன் முகம் சுருங்கியது.

மைனா மறுபடியும் வந்தது. "தலைவரே! பாஸ்தா வாசனை பட்டாலே உடம்பு ஏறுமோ என்னவோ! அந்தக் குண்டானைத் தூக்கிக் குளத்துல போடுங்க!"

"அதான் விஷயம்! அந்த வாசனைதான்!" என்று துள்ளினான் வல்லபன்.

தாழை பொங்கிவிட்டாள். "போதும் நிறுத்துங்க! பாஸ்தா தின்ன காலத்துல நீங்க தின்னது ஒரு பிடி. அதுமேல ஊத்தின தேன் ஒரு கூடு! அப்பவும் சொன்னேன். இப்ப பாஸ்தா இல்லை. தேன் மட்டும் அப்படியே இருக்கு, தொப்பையும் அப்படியே இருக்கு. வாசனையாம் வாசனை! உங்களோட குடும்பம் நடத்தி எனக்கு மண்டை காயுது!"

"உன் உடம்பு வாகு வேற தாழை," என்றான் வல்லபன் பரிதாபமாக.

பௌர்ணமி வந்தது. விடிந்ததும் கூட்டம் நாவல் மரத்தில் ஏறியது. ஒவ்வொருவராகத் தாவினார்கள். தாழையும் குழந்தையோடு தாவினாள். ஆலமரத்தில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள். வல்லபன் உச்சியில் நின்று கீழே பார்த்தான். தாவத் துணியவில்லை. பிறகு மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தான், சாலையை நோக்கி.

தாழைக்கு உயிரே போய்விட்டது. குழந்தையைத் தங்கையிடம் திணித்துவிட்டு வந்த வழியே திரும்பித் தாவினாள். பாய்ந்து இறங்கி அவன் வழியை மறித்தாள்.

"காலைக் கீழே வெச்சீங்க, அவ்வளவுதான்! எங்க அண்ணனை அந்த ரோட்டுல பார்த்த கண்ணுங்க இது. இன்னொரு தடவை பார்க்காது!"

"கூட்டம் போயிடுச்சே! இங்க ஒரு பழம் இல்லையே! பட்டினியா கிடக்கறதா?"

"கிடக்க வேண்டாம். பாஸ்தா இருக்கு."

வல்லபன் வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

கல்லை அவனே புரட்டினான். தாழை தினமும் அவனுக்கு ஒரு பிடி பாஸ்தா எடுத்துப் போட்டாள். "இளங்கொழுந்து பறிச்சிட்டு வாங்க, அப்பத்தான் சாப்பாடு," என்றாள். பக்கத்துக் கொழுந்தெல்லாம் கூட்டம் தின்று தீர்த்திருந்தது. அவன் முனகிக்கொண்டே மரம் மரமாக ஏறினான், இறங்கினான், தாவினான்.

"மேல ஊத்திக்கக் கொஞ்சம் தேன்..."

"தேனடை ஒண்ணுகூட மிச்சமில்லை. எல்லாத்தையும் நீங்கதான் தின்னு தீர்த்தீங்க!"

சாயங்காலமானால் ஆலமரத்திலிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்கும். தாழை உச்சிக்குப் போய்த் தாவிப் பால் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். வல்லபன் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அதன் பிறகு அவன் முனகவில்லை. சொல்லாமலே கொழுந்து பறிக்கக் கிளம்பினான்.

அடுத்த பௌர்ணமியன்று புங்கங்கிளை தண்ணீரைத் தொடவில்லை. தாழைக்குக் கண் கலங்கியது. இருவரும் நாவல் மரத்தில் ஏறினார்கள். வல்லபன் தாவினான். அடியில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. தாழை கண்ணை மூடிக்கொண்டாள். ஆலமரத்துக் கிளை சடசடத்தது. கண்ணைத் திறந்தால், அவன் அந்தப் பக்கம் குழந்தையைத் தூக்கி முத்தமிட்டுக்கொண்டிருந்தான்!

தாழையும் தாவிப் போய்ச் சேர்ந்தாள். கூட்டம் வல்லபனைச் சூழ்ந்துகொண்டது.

"தலைவரே! எப்படி இளைச்சீங்க?"

வல்லபன் மார்பில் தட்டிக்கொண்டான். "பாஸ்தா! அதுல ஏதோ மந்திரம் இருக்கு! இன்னையிலேர்ந்து யாரும் அத்திப்பழத்தைத் தொடக் கூடாது! மூணு வேளையும் பாஸ்தா, வயிறு முட்ட!"

தாழை இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "கடவுளே! இந்த மனுஷனுக்காகவா நான் திரும்பித் தாவினேன்!"

தட்டில் இருக்கும் ஒன்றைக் குற்றவாளி ஆக்குவதும் மடமை, அதையே தெய்வம் ஆக்குவதும் மடமை. அளவோடு உண்டு உடலை அசைப்பவருக்கே எந்த உணவும் நன்மை தரும்.