பச்சைப் புள்ளி

குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்திரண்டு. இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஈரோட்டில் ஒரு மாடி அறையில் நஸ்ரின் டீச்சர் சின்னக் கம்ப்யூட்டர் போர்டுகளை வைத்துப் பாடம் எடுக்கிறார். அதே தெருவில் பேக்கரி வைத்திருக்கும் கதிரேசன் அங்கே படிக்கப் போகிறார். தெரிந்தவர் டீச்சர், தெரியாதவர் மாணவர், அவ்வளவுதான்.

அந்தப் போர்டு சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். ஒரு பிறந்தநாள் கேக்கின் விலைக்குக் கிடைத்துவிடும். அதை வாங்கிய நாளிலிருந்து கதிரேசனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அடுப்பில் சூடு ஏறினால் கத்தும் பெட்டி செய்தார். செடிக்குத் தானே தண்ணீர் விடும் பெட்டி செய்தார். மொட்டை மாடியில் புறா வந்தால் கைதட்டி விரட்டும் பொம்மையும் ஒன்று செய்தார். புறாக்கள் இரண்டு நாள் பயந்துவிட்டு, மூன்றாம் நாள் அதன் தலையிலேயே உட்கார்ந்துகொண்டன.

ஆனால் அவர் நெஞ்சை நிமிர்த்திப் பேசுவது ஒரே ஒரு பெட்டியைப் பற்றித்தான். அது தாராபுரத்தில் தனியாக இருக்கும் அவருடைய அக்கா மரகதத்துக்காகச் செய்தது. அக்காவுக்கு அடிக்கடி தலைசுற்றல் வரும். வீட்டுக்குள் அக்காவின் நடமாட்டத்தைப் பெட்டி கவனித்துக்கொண்டே இருக்கும். எங்காவது விழுந்து அசையாமல் கிடந்தால் கதிரேசனின் போனில் சிவப்புப் புள்ளி வந்து அலறும். மற்ற நேரமெல்லாம் பச்சைப் புள்ளி. பக்கத்தில் 'நலம்' என்று எழுதியிருக்கும்.

கொண்டுபோய் வைப்பதற்கு முன்னால் அவர் சோதித்த சோதனை கொஞ்சநஞ்சமல்ல. கூடத்தில் தானே தடால் தடாலென்று விழுந்து காட்டி, வீட்டம்மாவிடம் திட்டு வாங்கினார். ஒவ்வொரு தடவையும் சிவப்பு சரியாக வந்தது. பெட்டி தாராபுரம் போன பிறகோ ஒருநாள்கூடச் சிவப்பு வரவில்லை.

மார்கழியில் ஒரு காலை, அதே மாதிரி இன்னொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதிரேசன் மாடிப்படி ஏறினார். நண்பர் ஒருவர் தன் அம்மாவுக்காகக் கேட்டிருந்தார். மேசைமேல் வைத்து ப்ளக்கை மாட்டியதும் போனில் இரண்டாவதாக ஒரு பச்சைப் புள்ளி வந்தது.

"டீச்சர், மனசுல பட்டதைக் கேக்கறனுங்க. இனி நான் கத்துக்க என்னதான் பாக்கி இருக்குதுங்க?"

நஸ்ரின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒயர் பத்தவெச்ச சாலிடரிங் சுத்தமா இருக்குதுண்ணா."

"எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுங்க."

"அக்காகிட்ட முன்னெல்லாம் தினமும் போன்ல பேசுவீங்கல்ல?"

"சாயங்காலம் ஆனா பேசிருவனுங்க. தலை சுத்துச்சா, மாத்திரை போட்டியான்னு கேக்கறதுதான். இப்ப எதுக்குங்க? அதான் இது சொல்லிருதே." போனைத் தூக்கிக் காட்டினார். "தீபாவளி சமயத்துல மூச்சு விட நேரமில்லைங்க. ஸ்வீட் பெட்டியை மட்டும் தாராபுரம் பஸ்ஸுல ஏத்தி உட்டுட்டு நிம்மதியா யாவாரத்தைப் பார்த்தனுங்க. இந்தப் பச்சை இருக்கறதுனாலதான்."

நஸ்ரின் கையை நீட்டி மேசைமேல் இருந்த பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினார். பெட்டியின் விளக்கு அணைந்தது.

"ஏனுங்க டீச்சர்?"

"டீ சொல்லியிருக்கேன். குடிச்சிட்டுப் பேசலாம்."

டீ வந்தது. தன் கடை பன்னைப் பற்றியும் எதிர்க்கடை பன்னைப் பற்றியும் பேசியபடி கதிரேசன் குடித்து முடித்தார்.

"இப்ப போனைப் பாருங்கண்ணா."

பார்த்தார். இரண்டு பச்சைப் புள்ளிகள். இரண்டிலும் 'நலம்'.

முதலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. பெட்டி சொன்னால்தான் போனில் சிவப்பு வரும். செத்துப்போன பெட்டி எதையும் சொல்லாது. ஒன்றும் சொல்லாவிட்டால் பச்சையே இருக்கட்டும் என்று புரோகிராம் எழுதியவர் அவரேதான். எத்தனையோ தடவை விழுந்து பார்த்த மனிதருக்கு, ப்ளக்கைப் பிடுங்கிப் பார்க்க ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"டீச்சர்... அக்கா வீட்டுப் பெட்டி..."

"கூப்பிடுங்கண்ணா."

மணி அடித்து அடித்து நின்றது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். அப்போதும் எடுக்கவில்லை. போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். அக்கா எந்தப் பக்கம் விழுந்து கிடக்கிறாளோ என்பதைத் தவிர அவர் மனதில் வேறு எதுவுமே இல்லை. மூன்றாம் தடவை மணி பாதியில் நின்றது.

"ஆரு?"

"அக்கா, நான்தான். கதிரு."



"கதிரா? ஏன்டா, வீட்டுல ஆருக்கு என்னாச்சு?"

"ஆருக்கும் ஒண்ணும் ஆகலைக்கா. நீ எங்க போன? நல்லாத்தான இருக்க?"

"மேல துணி காயப்போட்டுட்டு இருந்தன்டா."

கதிரேசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அக்கா, அந்தப் பெட்டியில லைட்டு எரியுதா?"

"அதா? ஆடி நோம்பிக்குக் கச்சாயம் சுட மாவாட்டணும்னு, கிரைண்டர் மாட்டறதுக்கு அதைப் புடுங்குனன்."

"ஆடியிலயா? அப்புறம் மாட்டலியா?"

"மாட்டத்தான் போனன். அப்பத்தான் நெனச்சன், பெட்டி நின்னுபோச்சுன்னா தம்பி பதறியடிச்சுக் கூப்புடுவான், ரெண்டு வார்த்தை பேசலாம்னு. அப்படியே உட்டுட்டன்." அக்கா லேசாகச் சிரித்தார். "நீ கூப்புடவே இல்ல."

கதிரேசன் போனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"ஐப்பசியில பாத்ரூமுல உழுந்து கை முறிஞ்சுபோச்சு. பக்கத்து வீட்டுப் பாப்பாத்திதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. இப்பக் கட்டு அவுத்தாச்சு. நீ அனுப்புன ஸ்வீட்டுப் பெட்டிய ஒத்தக் கையிலதான் பஸ்ஸுல இருந்து எறக்கியாந்தன்."

"அக்கா... நீயாச்சும் ஒரு போன் போட்டிருக்கலாமே."

"இனிப் போன் எதுக்கு, பெட்டி பாத்துக்கும்னு நீதானடா சொன்ன? சரி, அடுப்புல சோறு வெச்சிருக்கறன்."

போன் நின்றது. திரையில் பழையபடி பச்சைப் புள்ளி வந்தது. மரகதம் அக்கா, நலம்.

கதிரேசன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். இந்த மனிதருக்கு ஆறுதல் சொல்ல, கதை சொல்கிற எனக்கும் மனம் வரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீச்சரைப் பார்த்துக் கேட்டார்.

"இதை எப்படிச் சரிபண்றதுங்க டீச்சர்?"

"புரோகிராம்ல ஒரே ஒரு வரிதாண்ணா. கொஞ்சநேரம் அந்தப் பக்கமிருந்து பேச்சே வரலைன்னா, நல்லாருக்குதுன்னு எடுத்துக்காம, என்னாச்சுன்னு இங்கிருந்து கேக்கணும்."

கதிரேசன் கம்ப்யூட்டரை இழுத்து வைத்து அந்த வரியை எழுதினார். சிறிது நேரத்தில் போனிலிருந்த இரண்டு பச்சையும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. அணைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி சரியாயிருச்சுங்க. அக்காவுக்கு நான் என்னங்க பண்றது?"

நஸ்ரின் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அதே வரிதாண்ணா."