ராஜசாண்

எந்தக் காலம் என்று கேட்டால் பதில் கிடையாது. ரொம்பக் காலத்துக்கு முன்னால் பூங்குன்றை நாட்டைத் தடந்தோளன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆறரை அடி ஆள். கை ஒவ்வொன்றும் முறம். நல்லவன்தான். ஆனால் யார் எதைச் செய்தாலும், "தள்ளு, நான் செய்கிறேன்" என்பான்.

அரண்மனை முன்வாசலுக்குப் புதுப் படி கட்டினார்கள். மொத்தம் மூன்று படி. கொத்தன் மாடக்கண்ணு தன் கையால் சாண் பிடித்து அளந்து இரண்டைக் கட்டி முடித்திருந்தான். ராஜா வந்தான். கரண்டியைப் பிடுங்கினான்.

"மூன்றாவது என்னுடையது. தள்ளு!"

தானே சுண்ணாம்பு குழைத்தான். தானே கல்லைத் தூக்கி வைத்தான். உயரத்துக்குத் தன் கையாலேயே ஒரு சாண். மாடக்கண்ணு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"மகாராஜா, உங்க சாண் பெரிசுங்க. மேல்படி ரெண்டு விரற்கடை கூடிப்போச்சு. ஏறுறவங்களுக்குக் கால் இடறுமே."

ராஜாவின் முகம் சுருங்கியது. பக்கத்தில் அம்பலத்தார் நின்றார். ராஜாவைப் புகழ்வதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு உத்தியோகம் இல்லை.

"பிரபு! இதுவல்லவா ராஜசாண்! இடறட்டுமே. இடறினால் எங்கே விழுவார்கள்? எதிரே சிம்மாசனம். தங்கள் காலில் அல்லவா விழுவார்கள்!"

ராஜா குளிர்ந்துபோனான். "கொத்தனைச் சிறையில் போடு. எட்டாம் நாள் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி எல்லைக்கு அந்தப்பக்கம் விரட்டு. இனிப் படியைக் குறை சொல்கிற எவனுக்கும் அதே கதிதான்."

அப்புறம் என்ன? நெல் வியாபாரி விழுந்தான். புரோகிதர் பஞ்சாங்கத்தோடு விழுந்தார். சேனாதிபதி விழுந்து, எழுந்து, மீசையைத் தடவிக்கொண்டு யாரும் பார்க்காத மாதிரி நின்றார். ஒவ்வொரு தடவையும் அம்பலத்தார், "ஆகா, என்ன பணிவு!" என்றார். அவர் மட்டும் சமையற்கட்டு வழியாக வருவார். ராஜா போக்குவரத்தெல்லாம் பின்பக்கத்து யானை வாசலில்.

மந்திரி திருமேனியாரும் விழுந்தார். முழங்கால் வீங்கிவிட்டது. மனிதர் அதிகம் பேசமாட்டார். ஏழாம் நாள் காலையில் மாடக்கண்ணுவின் மனைவி பேச்சி அவர் வீட்டு வாசலில் வந்து அழுதாள்.

"ஐயா, நாளைக்கு அவரை விரட்டிடுவாங்களாம்."

"தெரியும். போய் உலை வை. சாப்பாட்டுக்கு வந்துவிடுவான்."

மந்திரி சபைக்குப் போனார். ராஜா துள்ளிக்கொண்டிருந்தான்.

"அமைச்சரே! நாளை மேலைநாட்டு மருதவேள் வருகிறான். யார் பெரியவன் என்று எங்களுக்குள் பன்னிரண்டு வருஷச் சண்டை. நாளையோடு தீர்ந்தது. என் காலில் விழப்போகிறான்!"

"பேஷ். ஒரு ஒத்திகை பார்த்துவிடுவோம்."

"மருதவேளாக யார் நிற்பது?"

"அமைச்சரே நிற்கட்டும், பிரபு. விழுந்து பழகியவர்" என்றார் அம்பலத்தார். சபை சிரித்தது.

"எனக்கு முழங்கால் சரியில்லை." மந்திரி வெளியே கையைக் காட்டினார். உப்பு விற்க வந்தவனின் கழுதை ஒன்று வாசலில் நின்றது. "அது போதும்."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். "மருதவேளுக்கு அதுதான் பொருத்தம்! ஏற்றுங்கள் மேலே!"

"பொறுங்கள். வருகிறவர் முடிசூடிய அரசர். தாங்கள் இறங்கிப் போய், மாலை போட்டு, கைபிடித்து அழைத்துவர வேண்டும். அதுதானே முறை?"

"அதுதான் முறை" என்றான் ராஜா. கிரீடத்தைச் சரிசெய்தான். மாலையை ஏந்தினான். நெஞ்சை நிமிர்த்தி வாசலுக்கு வந்தான்.

"வருக, வருக, மருதவேளே!"

மேல்படியிலிருந்து அடுத்த படிக்குக் காலை வைத்தான். படி இருக்கவேண்டிய இடத்தில் படி இல்லை. இரண்டு விரற்கடை கீழே இருந்தது. அவ்வளவுதான். ராஜா பறந்தான். கிரீடம் உருண்டது. கழுதையின் முன்னே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கழுதை மாலையை முகர்ந்து பார்த்துத் தின்ன ஆரம்பித்தது.

"பிரபு!" என்று ஓடிவந்த அம்பலத்தார், அதே படியில் இடறி, பிரபுவின் முதுகிலேயே விழுந்தார்.

ராஜா தலையைத் தூக்கினான்.

"அமைச்சரே, நான் யார் காலில் விழுந்து கிடக்கிறேன்?"

"ஒத்திகைப்படி மருதவேள் காலில். நிஜத்தில் கழுதை காலில். எது தேவலை என்று தாங்கள்தான் சொல்லவேண்டும்."

"படியில்... குறை இருக்கிறதோ?"

"நான் சொல்லமாட்டேன். கரும்புள்ளி குத்துவார்கள்."

"நான் சொல்கிறேனய்யா! இரண்டு விரற்கடை கூடுதல்!"

"அப்படியானால் புள்ளியை மகாராஜாவுக்குக் குத்தச் சொல்லட்டுமா?"

ராஜா அவரையே முறைத்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அந்த உத்தரவு செல்லாது! மாடக்கண்ணுவைக் கூப்பிடுங்கள். அம்பலத்தாரே, என் முதுகைவிட்டு இறங்கும். இறங்கிப் போய் மண் சுமந்து வாரும்."

மூன்று படியையும் பெயர்த்தார்கள். திரும்பக் கட்டுவதும் தானேதான் என்று ராஜா நின்றான்.

"கட்டுங்கள்" என்றார் மந்திரி. "ஆனால் யார் சாணும் வேண்டாம். தரையிலிருந்து வாசல் மட்டத்துக்கு ஒரு கயிறு பிடியுங்கள். மூன்றாக மடியுங்கள். ஒரு மடிப்பு, ஒரு படி."

மடித்த கயிற்றின் மேல் மாடக்கண்ணு கையை வைத்துப் பார்த்தான். அச்சாக அவன் சாண். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

ராஜா கட்டினான். வேர்த்து ஊற்றியது. அம்பலத்தார் கூடையோடு குனிந்து குனிந்து வந்தார். "என்ன பணிவு!" என்றார் சேனாதிபதி. விளக்கு வைப்பதற்குள் வேலை முடிந்தது. மாடக்கண்ணுவுக்குத் தன் பொன்காப்பைக் கழற்றிப் போட்டான் ராஜா.

"அமைச்சரே, உமக்கு?"

"முழங்காலுக்கு நல்ல தைலம்."

மறுநாள் மருதவேள் வந்தான். ராஜா இறங்கிப் போய் மாலை போட்டு, கைகோத்து அழைத்துவந்தான். இரண்டு பேரும் பேசிக்கொண்டே ஏறினார்கள். சிம்மாசனம் வரைக்கும்கூட ராஜாவால் பொறுக்க முடியவில்லை.

"என் படி எப்படி?"

"படியா?" மருதவேள் திரும்பிப் பார்த்தான். "எந்தப் படி?"

ராஜாவின் முகம் விழுந்தது. தூண் ஓரம் நின்ற மாடக்கண்ணு மெல்லச் சொன்னான்: "முப்பது வருஷமா நான் கட்டின படியை யாரும் கவனிச்சதே இல்லீங்க, மகாராஜா."

ராஜா படியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அந்த முறக்கையால் மருதவேளின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

"கேட்டீரா அமைச்சரே! கவனிக்கவே இல்லையாம்! கவனிக்கவே இல்லையாம்!"