ஓர் ஆற்றுக்கு ஒரு கல்

சிவசைலம் பாட்டிலைச் சாய்த்து அடுத்த கல்லையும் நனைத்தார். சாம்பல் நிறம் கறுத்தது. பூக்கள் தெரிந்தன, தேனடையின் அறைகள்போல நெருக்கமாக, ஒவ்வோர் அறையின் நடுவிலிருந்தும் வெள்ளைக் கோடுகள் விரிய. இதுதான் என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் முந்தைய கல் காய்ந்துவிட்டது. அதை மறுபடி நனைத்தார். அதுவும் இதுதான் என்று தோன்றியது. அதற்குள் இது காய்ந்தது.

மலைமுகட்டில் காற்று நிற்காமல் அடித்தது.

"அண்ணாச்சி, அது குடிக்கிற தண்ணி" என்றார் டீச்சர்.

"தெரியும்."

"இனிமே சுனை கீழ ஜீப் நிக்கிற இடத்துலதான். நடுவுல ஒண்ணும் கிடையாது."

"தெரியும்னு சொன்னேன்ல."

டீச்சர் திரும்பவில்லை. பாறையில் சாய்ந்து உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். ஆற்று மணல் கொட்டிக்கொண்டே இருந்தது.

செலஸ்தீனா டீச்சர் கடலோர மணப்பாட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவர். ஒருநாள் அதை விட்டுவிட்டு, வண்டி போகாத மலையாறுகளுக்குப் பூக்கல் எடுக்கப் போகத் தொடங்கினார். பூக்கல் என்பது எந்தக் காலத்திலோ கடலுக்கடியில் பவளமாக இருந்து கல்லாகிப் போனது. சிவசைலம் தென்காசியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவர். டீச்சர் வீட்டுக்கு ஒருமுறை குழாய் கொண்டுபோய் இறக்கியவர், ஜன்னலோரம் வரிசையாக இருந்த கற்களைப் பார்த்தபடி சாயங்காலம் வரை நின்றுவிட்டார். அடுத்த பயணத்தில் நானும் வருகிறேன், எனக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டார். டீச்சர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எந்த ரயில் என்று மட்டும் சொன்னார்.

டீச்சருக்கு ஒரு விதி உண்டு. ஓர் ஆற்றுக்கு ஒரு கல். எவ்வளவு தூரம் போனாலும் ஆளுக்கு ஒன்றுதான் வீட்டுக்கு வரும். ஏன் என்று சிவசைலம் முதல் பயணத்தில் கேட்டார். அரிசி களைந்தாகிவிட்டதா என்று டீச்சர் திருப்பிக் கேட்டார்.

எது கேட்டாலும் இப்படித்தான். கடலில் இருக்கவேண்டியது மலைக்கு எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்டதற்கு, நான்கூட மணப்பாட்டுக்காரிதான் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். நல்ல கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டபோதெல்லாம் ஒரு வெங்காயத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். சிவசைலம் முதலில் அதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து வெங்காயத்தை உற்றுப் பார்த்தார். பிறகுதான் சமையலுக்கு உரிக்கச் சொல்கிறார் என்று புரிந்தது.

முதல் பயணத்தில் அவர் கொண்டுவந்த கல், ஆற்றில் பார்த்தபோது பூத்துக் குலுங்கியது. வீட்டு மேஜையில் வைத்ததும் வெறும் கல்லாகிவிட்டது. வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகத் தண்ணீர்ச் சட்டியில் போட்டு வைத்தார். சட்டியில் கொசுப்புழு வந்தது. அவர் மனைவி ஆவுடையம்மாள் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கல்லை ஊறுகாய்ச் சாடியின் மூடிமேல் பாரமாக வைத்தாள்.

இரண்டாவது கல்லில் பூக்கள் காய்ந்த பிறகும் தெரிந்தன. சந்தோஷத்தில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினார். பூக்கள் பிரஷ்ஷோடு வந்துவிட்டன. ஆவுடையம்மாள் பிரஷ்ஷை முகர்ந்து பார்த்தாள். கல்பாசி, குருமாவுக்குப் போடலாம் என்றாள்.

இந்த மூன்றாவது பயணத்துக்குக் கிளம்பும்போது, கடையைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் முன்னால் வைத்து அவள் சொல்லிவிட்டாள். இந்த முறை கொண்டுவருவது, அவர் வாயைத் திறந்து சொல்லாமலே பூ என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு கல்லாவில் உட்கார வேண்டும், அப்புறம் ஆறு என்று ஒரு பேச்சு கூடாது. சிவசைலம் சம்மதித்தார். சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை அவர். ஊரில் அதற்காகவே அவரிடம் கம்பி வாங்குவார்கள்.

இந்த ஆற்றுக்கு அவர்கள் வந்து சேரவே நாள் கணக்கில் ஆனது. வழியில் கேட்டவர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள் அதற்கு. முதல்நாள் டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கரையோரமாக மேலும் கீழும் நடந்தார். ஒருமுறைகூடக் குனியவில்லை. வெயில் தாழ்ந்தபோது, தண்ணீரைவிட்டுத் தள்ளி மேட்டில் கிடந்த ஒரு கல்லை எடுத்தார். பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு நாக்கை நீட்டி அதை நக்கினார். பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார்.

அதோடு சரி. மிச்ச நாளெல்லாம் சமைத்தார், துணி துவைத்தார், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு நிழலில் தூங்கினார்.

நக்கியதைப் பார்த்ததும் சிவசைலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொந்த வீட்டில்கூட டம்ளரில் உதடு படாமல் அண்ணாந்து குடிக்கிற குடும்பம் அவருடையது. ஆடு இறங்குகிற ஆறு, அங்கே கிடக்கிற கல்லை வாயில் வைக்கிறீர்களே என்று கேட்டார். உமிழ்நீரில் நனைத்தாலும் பூ தெரியும், கல் எடுக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்றார் டீச்சர். நனைக்கத்தானே வேண்டும், ஆறு நிறையத் தண்ணீர் ஓடுகிறதே என்றார் சிவசைலம். டீச்சர் அவரைக் கொஞ்சநேரம் பார்த்தார். அடுப்பு மூட்டப் போனார்.

சிவசைலம் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை குனிந்தே இருந்தார். எடுத்தார், தண்ணீரில் முக்கினார், வைத்தார், அடுத்ததை எடுத்தார். ஒவ்வொன்றும் முந்தையதைவிட நன்றாக இருந்தது. கிளம்புகிற காலையிலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. ஏழெட்டுக் கற்களைக் கம்பளிக்கு அடியில் வைத்துப் பையைக் கட்டினார். மேலே போய் நிதானமாக உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம்.

முகட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு இரண்டு தோளும் கன்றிப்போயிருந்தன.

"ஒரு கல்லு இவ்வளவு கனமா அண்ணாச்சி?" என்று கேட்டார் டீச்சர்.

சிவசைலம் பையைத் திறந்து கற்களை வரிசையாகப் பாறைமேல் வைத்தார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். விழவில்லை.

"ஒண்ணு எடுத்துக்கிடுங்க. மத்தது இங்கனயே இருக்கட்டும்."

"ஆத்துல கொண்டுபோய்ப் போடணுமோன்னு பயந்தேன்."

"எதுக்கு? இந்த மலையிலருந்துதான் உடைஞ்சு உடைஞ்சு ஆத்துக்குப் போயிருக்கு. அது பாட்டுக்கு எத்தனையோ காலமா உருண்டு போன தூரத்தை, நீங்க ஒரே காலையில திரும்பச் சுமந்திருக்கீங்க."

அப்போது ஆரம்பித்ததுதான் இந்த நனைப்பு.

இடையில் பசித்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த காராச்சேவை இரண்டு கை அள்ளித் தின்றார். இப்போது தொண்டை எரிந்தது. பாட்டிலை அண்ணாந்து பிடித்து ஒரு மடக்கு விழுங்கிவிட்டு, அடுத்ததைக் கல்லுக்கு ஊற்றினார். இடது ஓரத்துக் கல்லுக்கும் அதற்கடுத்த கல்லுக்கும் இடையில் மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டையும் சேர்த்து நனைத்தால், பக்கத்தில் இருந்த கல்லில் தெறித்து அதுவும் பூத்துத் தொலைத்தது.

"டீச்சர், நீங்களாவது ஒண்ணைச் சொல்லுங்க."

"நான் என்னுதை எடுத்தாச்சு."

"உதவின்னு கேக்கேன்."

"ஜீப் வர நேரமாச்சு."

சிவசைலம் மூடியைத் தூர வைத்தார். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மிச்சத் தண்ணீர் முழுவதையும் ஒரே வீச்சில் ஊற்றினார்.

எல்லாக் கற்களும் ஒன்றாகப் பூத்தன. பாறையே கடலுக்கடியில் கிடப்பதுபோல இருந்தது. ஒன்றில் அறைகள் விரல்நகம் அளவு. ஒன்றில் கடுகளவு. ஒன்றில் கிளை கிளையாகப் பிரிந்து ஓடின. சிவசைலம் இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார், மறுபடி இதற்கு வந்தார். காற்று வந்தது. ஓரங்களில் தொடங்கி நடுவை நோக்கி வெளுத்தது. அவர் குனிந்து கையால் காற்றை மறைத்தார். கைக்கு அடியிலேயே காய்ந்தது.

பாறைமேல் சாம்பல் நிறத்தில் ஏழெட்டுக் கற்கள் கிடந்தன.

சிவசைலம் பாட்டிலை உதறினார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

அதுவரை பேசாததையெல்லாம் பேசினார். கடையை விட்டுவிட்டு வந்ததைச் சொன்னார். அரிசி களைந்ததை, சுமந்ததை, வெங்காயம் உரித்ததைச் சொன்னார். மாப்பிள்ளை முன்னால் கொடுத்த வாக்கைச் சொன்னார். நல்ல கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டதற்கு இதுவரை ஒரு வார்த்தை பதில் வந்ததில்லை என்றார். சத்தம் போடவில்லை. டீச்சர் ஷூவின் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு, அவர் ஓய்கிறவரை காத்திருந்தார். அவருக்கும் அலுத்துத்தான் போயிருந்தது, முகத்தில் தெரிந்தது.

"உங்க கல்லைக் காட்டுங்க" என்றார் சிவசைலம்.

டீச்சர் பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினார். உள்ளே கைக்குட்டையின் மேல் ஒரு சாம்பல் கல். பாறைமேல் கிடந்தவற்றோடு சேர்த்து வைத்தால் எது என்று சொல்ல முடியாது.

"இதுவா?"

"இதுதான்."

"பூ எங்க?"

"இருக்கு."

சிவசைலம் கல்லை எடுத்து வெயிலில் திருப்பினார். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தார். ஊசியால் குத்தியதுபோலப் புள்ளிகள் தெரிந்தன, மிக லேசாக. அவை தாறுமாறாக இல்லை, ஒரே இடைவெளியில் இருந்தன. அவர் விரலால் தடவினார்.

"ஆறு முழுக்கக் கல்லு கிடந்துச்சு. எத்தனை கல்லை நக்கிப் பாத்தீங்க?"

"இது ஒண்ணைத்தான்."

"மத்ததுல என்ன இருந்துச்சுன்னு தெரியாமலேயா?"

"ம்."

"அதுக்குப் பேரு தேடுறதா டீச்சர்? ஒண்ணை மட்டும் பாத்துட்டு வாரதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா? நான் ஆயிரம் கல்லை நனைச்சுப் பாத்திருப்பேன். எனக்கே நிச்சயமாச் சொல்ல முடியல."

டீச்சர் கல்லை வாங்கிக் கைக்குட்டைமேல் வைத்து டப்பாவை மூடினார். பையில் வைத்தார். தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அதைக் கற்களுக்குப் பக்கத்தில் வைத்தார். அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

"தண்ணி ஊத்திப் பாத்தா திரும்பக் கீழ போட்டுறலாம் அண்ணாச்சி. எச்சில் பண்ணிட்டு எப்படிப் போடுறது?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறக்கத்தில் இறங்கத் தொடங்கினார்.

சிவசைலம் நின்றுகொண்டிருந்தார். பிறகு பாறை முன்னால் உட்கார்ந்தார். முதல் கல்லைக் காய்ந்தபடியே எடுத்து, வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார். வைத்தார். அடுத்ததை எடுத்தார். கீழே வெகுதூரத்தில் ஜீப் ஹாரன் அடித்தது. அவர் திரும்பவில்லை. அவ்வளவு நேரமும் இதுதான் என்று நினைத்த இரண்டு கற்களையும் சீக்கிரமே தள்ளி வைத்துவிட்டார். வலது ஓரத்தில் கிடந்த ஒன்று கையில் வெகுநேரம் இருந்தது. ஹாரன் மறுபடி அடித்தது.

டீச்சரின் பாட்டிலை எடுத்தார். பழக்கத்தில் கை தலைக்கு மேலே போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு கீழே இறக்கி, வாய் வைத்துக் குடித்தார்.

சட்டை நுனியால் கல்லின் தூசியைத் துடைத்துவிட்டு, நாக்கை நீட்டினார்.