ஆறுமணிக் குருவி குரல் கொடுத்த கதை

பறவையும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், பொதிகை மலை அடிவாரத்தில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அதை வைத்துப் பிழைத்தவர்கள் மாசானமும் அவர் மனைவி உலகம்மாளும். தண்ணீர் பாய்ச்சுவது, கொடியை அகத்தி மரத்தில் ஏற்றிக் கட்டுவது, வெற்றிலை கிள்ளுவது எல்லாம் இருவர் பாடு. பெருக்குவது மட்டும் உலகம்மாள் பாடு. அதில் வேறு ஒருத்தரைக் கை வைக்க விடமாட்டாள்.

கொடிக்கால்காரர்களுக்குத் தோட்டமும் வீடு மாதிரிதான். செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். உலகம்மாள் அதற்கும் ஒரு படி மேல். ஒரு சருகு விழுந்தால், அடுத்தது விழுவதற்குள் முந்தினதைப் பெருக்கித் தள்ளியிருப்பாள். அந்தத் தரையில் சோற்றைப் போட்டு அள்ளிச் சாப்பிடலாம் என்று ஊரே சொல்லும். சொன்னவர்கள் யாரும் சாப்பிட்டுக் காட்டவில்லை என்பது வேறு விஷயம்.

ஓர் ஐப்பசியில் இரவெல்லாம் அடைமழை. விடிந்ததும் பெருக்க வந்தவள், வாய்க்கால் ஓரத்தில் ஒரு குருவி நனைந்து கிடப்பதைப் பார்த்தாள். கைக்குள் அடங்கும் உடம்பு, வால் என்று சொல்லிக்கொள்ள ஏதோ துளியூண்டு. வடக்கே இமயமலைப் பக்கமிருந்து குளிருக்குப் பயந்து பறந்து வந்து, தெம்பெல்லாம் தீர்ந்து விழுந்திருந்தது. கோடைக்குள் உடம்பு தேறினால் திரும்பிப் போய்க் கூடு கட்டலாம். தேறாவிட்டால் இந்த வாய்க்கால் கரையோடு சரி.

"யாரு நீ? எங்கேருந்து வாரே? என்ன தின்னுவே?" என்று கேட்டாள் உலகம்மாள்.

குருவி வாயைத் திறக்கவில்லை. தத்தித் தத்திப் போய் கிணற்றடி நாவல் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டது. காக்கையும் மைனாவும் தவளையும்கூட ஓயாமல் வாயடித்த காலம் அது. அந்தக் காலத்தில் பேசாமல் இருந்த உயிர் இது ஒன்றுதான். வேறொன்றுமில்லை, கூச்சம். யாராவது பார்த்தாலே தரைக்குள் புகுந்துவிடலாமா என்று நினைக்கிற கூச்சம்.

மாசானம் மரத்தைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார். குருவி முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. "ஏட்டி, முதுகு பச்சையால்லா இருக்கு. கிளிதான் இது" என்றார்.

"கிளிக்கு வாலைக் காணலியே?"

"இனிமே முளைக்கும்."

கிளி என்று முடிவானதால் கொய்யாப்பழம் நறுக்கி வைத்தார்கள். குருவி தொடவில்லை.

மறுநாள் காக்கை வந்தது. ஊரில் எந்தப் பஞ்சாயத்தானாலும் அழையாமல் வந்து நிற்கிற காக்கை. "றெக்கையில நீலம் மின்னிச்சு, என் கண்ணால பாத்தேன். மீன்கொத்தி. மீனைப் போடுங்க" என்றது. மாசானம் வாய்க்காலில் துண்டை விரித்து அயிரை பிடித்து வந்து வைத்தார். குருவி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த மீனை யார் தின்றது என்று காக்கையிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

உலகம்மாளுக்குத் தெரிந்தது இன்னொரு மூலை. அது குனிந்தபோது வாலடியில் சிவப்பைப் பார்த்திருந்தாள். "இங்கேரும், இது கொண்டைக்குருவி. அதுக்குத்தான் அடியில சிவந்திருக்கும்" என்றாள்.

"கொண்டைய எங்கட்டி?"

"மழையில படிஞ்சிருக்கும்."

கோவைப்பழம் பறித்து வைத்தாள். சோறு பிசைந்து வைத்தாள். கம்பு ஊறவைத்து வைத்தாள். வைத்ததெல்லாம் வைத்தபடி இருந்தது. வைத்துவிட்டு, குருவி நிற்கிற இடமாயிற்றே, சுத்தமாக இருக்கட்டும் என்று நாவல் மரத்தடியை வழக்கத்தைவிட இரண்டு பங்கு அழுத்திப் பெருக்கினாள். பெருக்கிய சருகையெல்லாம் கிணற்றோரம் குவித்தாள். குருவி அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நிற்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். சொல்லவில்லை.

நாளுக்கு நாள் அது மெலிந்தது. நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. உலகம்மாளுக்கும் சோறு இறங்கவில்லை. பிள்ளையில்லாத வீடு அது. வாய் பேசாத அந்தச் சின்ன உயிர் கண்ணெதிரே வாடுவதை அவளால் தாங்கவே முடியவில்லை.

கார்த்திகையில் மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்த ஒரு நாள், குருவியைக் காணோம். மரத்துக்குப் பின்னால் இல்லை, வாய்க்காலில் இல்லை, வாழைக்கு இடையிலும் இல்லை.

"நேத்தே ஆட்டம் முடிஞ்ச மாதிரிதான் இருந்துது. பூனை கொண்டுபோயிருக்கும்" என்றது காக்கை.

துக்கம் வந்தால் சிலர் அழுவார்கள். உலகம்மாள் பெருக்குவாள். கண்ணைத் துடைக்காமல் கொடிக்கால் முழுவதையும் பெருக்கினாள். பொழுது சாயும் நேரத்தில் கடைசிச் சருகையும் கிணற்றோரக் குவியலில் கொட்டி, காய்ந்த ஓலைக்கற்றை ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு வந்தாள். குவியல் பெரிதாகிவிட்டால் கொளுத்துவதுதான் அவள் வழக்கம்.

குருவி அந்தக் குவியலுக்குள்தான் இருந்தது. பசி பொறுக்கமாட்டாமல் விடியுமுன்னே யாரும் பார்க்காதபோது உள்ளே நுழைந்திருந்தது. அவள் காலடி கேட்கக் கேட்க, கூச்சத்தில் இன்னும் அடியில் போய் ஒடுங்கியது. இப்போது புகை வாசனை வந்தது. மேலே சருகுக்கு இடையில் ஓலைக்கற்றையின் வெளிச்சம் தெரிந்தது. பறந்து தப்பத் தெம்பில்லை. வாயைத் திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். திறக்காவிட்டால் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

பிறந்ததிலிருந்து உள்ளேயே வைத்திருந்த குரலைக் குருவி வெளியே விட்டது. சீட்டியடித்த மாதிரி, கணீரென்று, இரண்டே இரண்டு வார்த்தை.

"இங்க இருக்கேன்."

உலகம்மாள் ஓலைக்கற்றையை வாய்க்காலில் வீசினாள். மண்டியிட்டு இரண்டு கையாலும் சருகை வாரி இறைத்தாள். சத்தம் கேட்டு மாசானம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அடிச்சருகு விலகியபோது குருவி எழுந்து நின்றது. முதன்முறையாக அதை முழுசாகப் பார்த்தார்கள். பச்சை முதுகு, நீலம் தீட்டிய சிறகு, சந்தனநிற வயிறு, வாலடியில் சிவப்பு, கண்ணில் மை எழுதிய கறுப்புக் கோடு. கிளியுமில்லை, மீன்கொத்தியுமில்லை, கொண்டைக்குருவியுமில்லை.

அந்த நேரம் பார்த்து ஈர மண்ணில் ஒரு புழு நெளிந்தது. குருவி கூச்சத்தையெல்லாம் மறந்து அதைக் கொத்தி விழுங்கியது. ஒரு சருகைப் புரட்டி அடுத்ததைப் பிடித்தது.

உலகம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏ தாயி, நித்தம் உன் சோத்தையா நான் பெருக்கித் தள்ளுனேன்?"

"ஆமா" என்றது குருவி, மிக மெதுவாக.

"சொல்லியிருக்கலாம்லா?"

"கூச்சமா இருந்துது."

மாசானத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகம்மாளுக்கு அழுகை வந்தது. பின்னாலேயே சிரிப்பும் வந்தது. உயிரோடு இருக்கிறதே, அது போதும் என்று அவள் நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"இனிமே இந்த மரத்தடிக்கு என் வாரியல் வராது. சருகு கிடந்தபடி கிடக்கட்டும். நீ எங்க நிக்கன்னு எட்டிப் பாக்கவும் மாட்டோம்" என்றாள் உலகம்மாள். "எனக்கு ஒண்ணு மட்டும் செய்யி. விடிய நான் வாரப்போ ஒரு சத்தம் குடு. பொழுதடைய வீட்டுக்குப் போறப்போ ஒரு சத்தம் குடு. நீ இருக்கேன்னு தெரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

குருவி இன்னொரு புழுவைக் கொத்தி விழுங்கியது. "ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேன்" என்றது.

"அதுவே தாராளம்."

சருகு முழங்கால் உயரம் சேர்ந்தது. பக்கத்துக் கொடிக்கால்காரர்கள், "உலகம்மாளுக்குக் கை சுளுக்கா?" என்று கேலி பேசினார்கள். பெருக்காமல் இருப்பது அவளுக்கு லேசுப்பட்ட காரியமில்லை. மரத்தடியைக் கடக்கும்போதெல்லாம் கை பரபரக்கும். துடைப்பத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு வேகமாக நடந்துவிடுவாள். காலையில் ஒரு குரல் வரும். மாலையில் ஒரு குரல் வரும். அதைக் கேட்டபிறகுதான் இருவரும் வீட்டுக்குக் கிளம்புவார்கள்.

சித்திரையில் ஒரு மாலை குரல் வரவில்லை. உலகம்மாள் இருட்டும்வரை நின்றாள்.

"கொழுகொழுன்னுல்லா இருந்துது. ஊருக்குப் போயிருக்கும், வாட்டி" என்றார் மாசானம்.

கோடை முழுவதும் அவள் காது நாவல் மரத்துப் பக்கமே இருந்தது. போய்ச் சேர்ந்ததோ, வழியில் விழுந்ததோ என்று கேட்க ஆளில்லை. காக்கைக்கும் அவ்வளவு தூரத்துச் செய்தி தெரியவில்லை. மரத்தடியில் சருகு மேலும் சேர்ந்தது. அவள் தொடவில்லை.

மறுபடி ஐப்பசி வந்தது. இரவெல்லாம் மழை கொட்டி ஓய்ந்த விடியலில் அவள் கொடிக்கால் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அப்போது நாவல் மரத்தடியிலிருந்து அந்த இரண்டு வார்த்தையும் வந்தன. உலகம்மாள் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றாள்.

"இங்கேரும், வந்துட்டா" என்று மாசானத்தைக் கூப்பிட்டாள். ஆறு மாதமாக அடக்கிவைத்த மூச்சை அவள் அன்றுதான் விட்டாள்.

அன்று முதல்தான், மழையோடு வடக்கேயிருந்து வருகிற அந்தக் குருவி, பகலெல்லாம் சருகுக்குள் ஒளிந்து மேய்ந்தாலும் விடியலில் ஒரு தடவையும் பொழுது சாய ஒரு தடவையும் குரல் கொடுக்கிறது. பின்னால் கடிகாரம் வந்ததும் நாம் அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர் வைத்துவிட்டோம். அது நமக்கு மணி சொல்வதாக நினைத்துக்கொள்கிறோம். அது இன்னமும் உலகம்மாளைத் தூங்கப் போகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.