பாத்தியில் மிஞ்சிய தண்ணீர்

கடலோர மடம் ஒன்றுக்குப் பெரியநாயகி அம்மாள் குருவாக இருந்தார். மடத்து உப்பளத்தில் விளைந்ததுதான் ஊருக்கே உப்பு. தொண்டை கட்டினால் வெந்நீரில் ஒரு கல், விளக்கு துலக்கப் புளியோடு ஒரு பிடி, ஊறுகாய் ஜாடிக்கு ஒரு படி. இப்படி ஒரு வெள்ளை உப்பு வேறெங்கும் கிடையாது என்று ஊர்க்காரர்கள் பீற்றிக்கொள்வார்கள். பீற்றலில் பொய்யில்லை.

சீடர் மாசிலாமணி குருவைவிடப் பத்து வயது மூத்தவர். கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். ஒன்பது வருடமாக அம்மாளின் ஒரு சொல்லையும் தவறவிடாதவர். அப்பேர்ப்பட்டவரிடம் ஒருநாள் அம்மாள் சொன்னார்:

"உங்க ஊருக்குக் கிளம்புங்க. அங்க நாலு பேருக்குச் சொல்லிக்குடுங்க."

மாசிலாமணி கையெடுத்துக் கும்பிட்டார்.

"இன்னும் எவ்வளவோ கத்துக்க வேண்டியிருக்கே அம்மா!"

"சரி. அந்தக் கடைசிப் பாத்தி உங்க பொறுப்பு. உப்பு வாரி முடிச்சதும் கிளம்பலாம்."

வெயில் ஏற ஏற உப்பு பூத்தது. மாசிலாமணி ஆசை ஆசையாக வாரினார். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியது. மற்றவர்கள் தங்கள் பாத்திகளில் அதை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பாய்ச்சினார்கள். அவர் மட்டும் மடையைத் திறக்கவில்லை.

அதில் இருப்பது கசக்கும் மெக்னீசியம் என்று அவருக்குத் தெரியாதா? எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பார்! ஆனால் தண்ணீர் இருக்கும்வரை பாத்தி முடியாது; பாத்தி முடியாதவரை போகவும் வேண்டாம். ஆசை யாரை விட்டது?

சில நாள் கழித்து மறுபடி வாரினார். அந்த உப்பு காய்ந்தபாடில்லை, கசகசவென்று ஈரமாகவே இருந்தது. இதுவும் உப்புதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு அப்படியே சமையல்கட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் மடத்து அன்னதானப் பந்தியில் முதல் வாய்க் கஞ்சியை ஒரு வண்டிக்காரர் துப்பினார்.

"என்னய்யா இது, இப்படிக் கசக்குது!"

இருநூறு பேருக்கான கஞ்சி வீணானது. பசியோடு வந்தவர்கள் பசியோடு எழுந்து போனதைப் பார்த்து மாசிலாமணி கூனிக்குறுகி நின்றார்.

அம்மாள் திட்டவில்லை. அவரைப் பாத்திக்கு அழைத்துப்போய், முதலில் வாரிய குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து நீட்டினார்.

"எப்படியிருக்கு?"

"இதைவிட நல்ல உப்பை நான் தின்னதில்லை அம்மா."

"அப்ப மடையைத் திறங்க."

மாசிலாமணி மண்வெட்டியை எடுத்தார். கை எழவில்லை.

"இன்னும் தண்ணி இருக்கே அம்மா," என்றார்.

"இருக்கு. ஆனா குடுக்க வேண்டிய உப்பை எல்லாம் அது குடுத்தாச்சு," என்றார் அம்மாள். "நானுந்தான்."