காது மிஷின் கடை, அந்தியூர் கிளை

“கடையே இல்லாத ஊரில் கடை இருக்கிறதென்று போட்டவன் எவனோ, அவனுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். என் நிச்சயதார்த்தத்தில் நாலு பேர் பேசுவது காதில் விழவேண்டுமென்று, நின்றுபோன மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு எங்கம்மா அந்தியூர் பஸ் ஸ்டாண்டை அரைநாள் சுற்றினாள்.”

கடையின் வலைப்பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து எவளோ ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள். செங்கோடன் அதை வாய்விட்டுப் படித்தார். மீசை துடித்தது.

“பாருங் வாத்தியாரம்மா, எப்படித் திட்டியிருக்கான்னு. தெரிஞ்சவங்க பத்துப் பேரை விட்டு நல்லதா எழுதச் சொன்னா, இது அடியில போயிரும்.”

செங்கோடன் ஐம்பது வயதுவரை மாட்டுத் தரகர். சந்தை படுத்துவிட்ட பிறகு, ஈரோட்டில் நாகமணியிடம் தொழில் பழக வந்து சேர்ந்தார். ஒரு பொருளை வலையில் தேடினால் இன்ன கடைதான் முதலில் வந்து நிற்க வேண்டும் என்று செய்துகொடுப்பது அவள் தொழில். அவரைவிட இருபது வயது இளையவள். வாத்தியாரம்மா என்று கிண்டலுக்குத்தான் கூப்பிட ஆரம்பித்தார். போகப்போகக் கிண்டல் போய்விட்டது, பேர் நின்றுவிட்டது.

சீடர் கெட்டிக்காரர். “செவித்திறன் கருவின்னு எந்தக் கிறுக்கன் தேடுவான்? காது மிஷின்னு போடுங்” என்று சொன்னவர் அவர்தான். அந்த ஒரு வார்த்தையில், அவர்களிடம் வேலை கொடுத்திருந்த ஈரோட்டுக் காது மிஷின் கடை தேடலில் மேலே ஏறியது. அந்த உற்சாகத்தில் பவானிக்கு ஒரு வலைப்பக்கம், கோபிக்கு ஒன்று, அந்தியூருக்கு ஒன்று என்று அடித்துத் தள்ளிவிட்டார். ஒரே பக்கம்தான், ஊர்ப்பேர் மட்டும் வேறு. கடை என்னவோ ஈரோட்டைத் தாண்டி எங்கும் கிடையாது.

நாகமணிக்கு அது இன்றைக்குத்தான் தெரியும். அவள் கோபப்படவில்லை.

“ஏனுங்ணா, சந்தையில மாடு நிக்காம துண்டு போட்டிருக்கீங்களா?”

துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியே வளர்ந்த மனிதர் சிலிர்த்துக்கொண்டார்.

“முதுகுத்தோலை உரிச்சிருப்பாங்க. அது வேற அம்மிணி. இதுல பக்கத்தைப் பார்க்கறவன் போன் பண்ணப் போறான். ஈரோட்டுக்கு வாங்கன்னு நாம சொல்லிரப் போறோம். இதுல எவன் கெட்டான்? நீங்களே சொல்லுங்.”

நாகமணி மேஜை இழுப்பறையிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்தாள்.

“எந்திரிங்ணா. நம்ம அந்தியூர் கிளையைப் பார்த்துட்டு வந்தரலாம்.”

அந்தியூரில் இறங்கியதும், நாகமணி அவர் இரண்டு காதிலும் பஞ்சைத் திணித்து, அவர் துண்டையே எடுத்து மேலே இறுக்கிக் கட்டினாள். போனைக் கையில் கொடுத்தாள். போய்க் கண்டுபிடியுங்கள் என்று கைகாட்டினாள்.

செங்கோடன் டீக்கடையில் கேட்டார். மாஸ்டர் வாயசைத்தார். ஒன்றும் விழவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். ஆட்டோக்காரனிடம் போனைக் காட்டினார். அவன் படித்துவிட்டுச் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறான்? திருப்பிப் பார்த்தார். ‘கூடுதுறையிலிருந்து இரண்டு நிமிட நடை’ என்றிருந்தது. ஆறு கூடுகிற கூடுதுறை பவானியில் அல்லவா இருக்கிறது! ஊர்ப்பேரை மாற்றியவர் அந்த வரியை மாற்ற மறந்திருந்தார்.

தன் குரல் தனக்கே கேட்கவில்லை. கத்துகிறோமா என்று சந்தேகம் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. சட்டென்று, திரையில் அந்த வரிக்குக் கீழேயிருந்த பச்சைப் பொத்தானை அமுக்கினார். ‘உடனே அழையுங்கள்’. கண்ணில் படும்படி பெரிதாக இருக்கட்டும் என்று அவரே வைத்தது.

போனைக் காதில் வைத்தார்.

திரையில் நொடி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் யாரோ பேசிக்கொண்டிருக்க வேண்டும். செங்கோடன் போனை இந்தக் காதுக்கு மாற்றினார், அந்தக் காதுக்கு மாற்றினார். பிறகு மெதுவாகக் கீழே இறக்கினார்.

ஒரு கை அவர் கையைப் பிடித்தது. பூக்காரி. தன் முக்காலியில் அவரை உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கூடைக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை உருவி முகத்துக்கு நேரே பிடித்தாள்.

‘காது மிஷின் கடை இங்கே இல்லை. ஈரோட்டில் இருக்கிறது. பஸ் எதிரே நிற்கும்.’

அட்டையின் ஓரமெல்லாம் கைபட்டு நைந்திருந்தது.

நாகமணி பக்கத்தில் வந்து நின்றாள். செங்கோடன் தலைத்துண்டை அவிழ்த்துப் பஞ்சை எடுத்தார். பூக்காரி அதைக் கவனிக்கவில்லை.

“உங்கப்பனா அம்மிணி?”

“அண்ணனுங்கக்கா.”

“பாவம், எப்படி வேர்த்திருக்குது பாரு. இப்படித்தான் ஒரு அம்மா வந்தா. புள்ளைக்கு நிச்சயமாம். நானும் இல்லை இல்லைன்னு கத்தறேன், அவ சிரிச்சுச் சிரிச்சுத் தலையாட்டிப்போட்டு அடுத்த கடைக்குப் போறா. விசேஷத்தன்னைக்குச் சம்பந்தி கேட்டதுக்கெல்லாம் அதே சிரிப்புத்தானாம். அதுக்கப்பறம் அந்தப் புள்ள வந்து இந்த அட்டையை எழுதிக் குடுத்துட்டுப் போச்சு. இன்னும் யாராச்சும் வருவாங்க, காட்டுங்கக்கான்னு. வந்துட்டேதான் இருக்கறாங்க.”

செங்கோடன் கைக்குள் பஞ்சைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

“இப்படிப் போட்டவன் எவன்னு தெரிஞ்சா சொல்லு அம்மிணி. நாலு வார்த்தை கேக்கோணும்.”

நாகமணி அவர் பக்கம் திரும்பவில்லை. அவர் தோளிலிருந்து நழுவிய துண்டை மட்டும் எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

“அவருக்குக் காதுல விழுந்துருச்சுங்கக்கா.”

“விழுந்தாப் போதுமா? வரச் சொல்லு. இனி ஒருத்தருக்கும் இந்த அட்டை தேவைப்படாதபடி பண்ணிப்போட்டு, வந்து எங்கிட்ட இதை வாங்கிட்டுப் போகச் சொல்லு.”